எழுத்துக்கு என்ன கூலி?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, கோவை அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு ஓட்டல் மண்டபத்தில் நடந்த கலந்துரையாடலுக்கு நாம் போயிருந்தோம். "வலைப்பதிவும் அதன் வியாபார எதிர்காலமும்" என்பது விஷயம். நுழைவுக் கட்டணம் 300 ரூபாய். எழுத்தாளனுக்கு வருமானம் வரும் வழியைச் சொல்லித்தரும் கூட்டத்தில், முதல் வருமானம் எழுத்தாளனிடமிருந்தே வசூலாகிவிட்டது! காப்பியும் இரண்டு பிஸ்கோத்தும் கொடுத்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம்.

மேடையில் நான்கு நாற்காலிகள். ஒன்றில் விளம்பர ஏஜென்சி நடத்தும் கனவான். அடுத்ததில் புதுக் கம்பெனிகளுக்கு மூலதனம் போடுகிறவர். மூன்றாவதில், தேடுயந்திரத்தில் நமது பக்கத்தை முதல் வரிசைக்குக் கொண்டுவரும் வித்தையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கும் இளைஞர். நான்காவதில், பத்து வருஷங்களாகச் சமையல் குறிப்புகள் எழுதிவரும் ஓர் அம்மையார். நால்வரில் வலைப்பதிவு எழுதுகிறவர் இந்த அம்மையார் ஒருவர்தான். கடைசியில் பேச அழைக்கப்பட்டவரும் அவர்தான். நேரமாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தப்பட்டவரும் அவர்தான்!

கீழே சுமார் நூறு பேர். கல்லூரி மாணவர்கள், வேலை தேடும் பட்டதாரிகள், பள்ளி ஆசிரியைகள், ஓய்வுபெற்ற பாங்க் ஊழியர்கள், கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண். அநேகமாக எல்லோர் கையிலும் நோட்டுப் புத்தகம். பொழுதுபோக்க வந்த கூட்டம் அல்ல அது. கையில் இருக்கும் ஒரே திறமையான எழுத்தை வைத்து மாதம் ஐயாயிரம் ரூபாயாவது கிடைக்குமா என்று கேட்க வந்த கூட்டம். அதனால்தான் அங்கே பேசப்பட்டதைச் சிரித்து ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

விளம்பரக் கனவான் முதலில் எழுந்தார். "நீங்கள் எழுத்தாளர் அல்ல, நீங்கள் ஒரு பிராண்ட்" என்று ஆரம்பித்தார். எதை எழுதினால் காசு வரும் என்பதற்கு அவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். வீட்டுக் கடன், இன்ஷூரன்ஸ், கிரெடிட் கார்டு ஆகியவை பட்டியலின் உச்சியில். அரசியல், சாதித் தகராறு, வேலைநிறுத்தம் ஆகியவை பட்டியலிலேயே இல்லை. "விளம்பரக்காரர்களுக்குச் சங்கடமான விஷயங்களைத் தொடாதீர்கள்" என்று அன்போடு எச்சரித்தார்.

இதில் அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. இந்த யந்திரம் அப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு பக்கத்தை ஒருவர் திறந்த கணத்திலேயே, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் இடம் ஏலத்துக்கு விடப்படுகிறது. கடன் கொடுக்கும் கம்பெனி, ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் வருஷக்கணக்கில் வட்டி வாங்கலாம் என்பதால், ஒரு தட்டலுக்கு அதிக விலை கேட்கிறது. கரும்பில் வரும் செவ்வழுகல் நோயைப் பற்றி எழுதிய பக்கத்துக்கு அப்படி யார் ஏலம் கேட்பார்கள்? விவசாயிக்கு எது அவசியம் என்பதற்கும் எழுதுகிறவனுக்கு எதில் காசு என்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடுகிறது. "எதை எழுதக்கூடாது" என்று கட்டளை போட அங்கே தணிக்கை அதிகாரி யாரும் தேவையில்லை. விலைப்பட்டியலே போதும்.

மூலதனக்காரரோ இன்னும் தாராளம். "இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் முதலாளியே!" என்றார். பேஷ்! கைதட்டலும் கிடைத்தது. நம் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் கைதட்டவில்லை. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

நன்கொடையும் ஒரு பனியனும்

மேடையில் ஒருவரும் சொல்லாத ஒரு பழைய கதை உண்டு. 1999 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பைரா லேப்ஸ் என்ற சிறு கம்பெனி, யார் வேண்டுமானாலும் சுலபமாக எழுதி வெளியிடுவதற்கு 'பிளாகர்' என்ற சாதனத்தை உண்டாக்கிக் கொடுத்தது. ஜனங்கள் ஆசையோடு வந்து எழுதினார்கள். கம்பெனியில் பணம் தீர்ந்தது. எழுத்துச் சுமையைத் தாங்க சர்வர்கள் போதவில்லை. 2001ஆம் வருஷத் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி, எழுதுகிறவர்களிடமே கையேந்தி, சர்வர் வாங்க நன்கொடை கேட்டது. அவர்கள் கொடுத்தார்கள்! ஊழியர்கள் எல்லோரும் போய், நிறுவனர்களில் ஒருவரான ஈவன் வில்லியம்ஸ் மட்டும் மிஞ்சி நின்ற காலம் அது.

2003 பிப்ரவரியில் கூகிள் அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கிக்கொண்டது. எழுதி எழுதி அந்த இடத்துக்கு மதிப்பை உண்டாக்கியவர்களுக்கு, நன்கொடை கொடுத்து அதைக் காப்பாற்றியவர்களுக்கு என்ன கிடைத்தது? கட்டணம் கட்டி உயர்தர சேவை பெற்றுவந்தவர்களுக்கு, இனி கட்டணம் இல்லை என்று சொல்லி, தலையை மூடும் தொப்பியோடு கூடிய பனியன் சட்டை ஒன்று இனாமாகத் தரப்பட்டது. பனியன் நகரமான திருப்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில் குடியிருக்கும் நமக்கு அந்தச் சட்டையின் அடக்க விலை நன்றாகவே தெரியும்.

வில்லியம்ஸை நாம் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. பிற்பாடு 2006இல் டுவிட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவராகவும், 2012இல் 'மீடியம்' என்ற எழுத்து மேடையைத் தொடங்கியவராகவும் இருந்த அவர், எழுதுகிறவர்களுக்கு ஏதாவது வழி செய்ய வேண்டும் என்று மெய்யாகவே பேசிவந்தவர். ஆனால் நல்ல எண்ணம் வேறு, சொத்துரிமை வேறு. எழுதுகிறவனுக்குச் சொந்தமானது எழுத்து. எழுத்து நிற்கும் தரை இன்னொருவனுக்குச் சொந்தம். தரையை விற்கும்போது அதன் மேல் நிற்பவனைக் கேட்பதில்லை. கேட்காமல் இடித்துத் தள்ளியதும் உண்டு. ஜனங்கள் தங்கள் முதல் பக்கங்களைக் கட்டிய 'ஜியோசிட்டீஸ்' 2009 அக்டோபரில் மூடப்பட்டது. வலைப்பதிவுகளைப் பின்தொடர்ந்து படிக்க உதவிய 'கூகிள் ரீடர்' 2013 ஜூலை 1ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது.

நியூயார்க் நீதிமன்றம் சொன்னது என்ன?

வலைப்பதிவின் வியாபார எதிர்காலத்தை யாராவது முழுதாகப் பார்க்க விரும்பினால், ஹஃபிங்டன் போஸ்ட் வழக்கைப் படிக்கட்டும்.

2005 மே மாதத்தில் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட இந்தத் தளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சன்மானம் இல்லாமல் எழுதினார்கள். பேராசிரியர்கள், டாக்டர்கள், தொழிற்சங்கக்காரர்கள், பிரபலங்கள், பெயர் தெரியாதவர்கள் எல்லோரும் எழுதினார்கள். 2011 பிப்ரவரியில் ஏ.ஓ.எல். கம்பெனி இந்தத் தளத்தை வாங்குவதாக அறிவித்தது. விலை 31 கோடியே 50 லட்சம் டாலர்! எழுதியவர்களின் பங்கு? பூஜ்யம்.

ஜோனதன் டாசினி என்ற எழுத்தாளர் மற்றவர்களுக்கும் சேர்த்து 2011 ஏப்ரலில் வழக்குப் போட்டார். விலையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 கோடியே 50 லட்சம் டாலர், இலவசமாக எழுதியவர்களைச் சேர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 2012 மார்ச்சில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பணம் கிடையாது என்பது முதல் நாளே தெரிந்துதானே எழுதினார்கள், ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றச் சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

சட்டத்தைப் பார்த்தால் நீதிபதி சொன்னதில் பிசகில்லை. தெரிந்துதான் எழுதினார்கள். காசுக்குப் பதில் பெயர் கிடைக்கும் என்றார்கள். பெயருக்கும் ஆசைப்பட்டுத்தான் எழுதினார்கள். அது வாஸ்தவம். ஆனால் தனித்தனியே ஒப்புக்கொண்ட ஒன்பதாயிரம் பேரின் இலவச உழைப்பு ஒன்றாகச் சேர்ந்து கோடிக்கணக்கான டாலராக மாறும்போது, அந்த மாற்றத்துக்குச் சட்டத்தில் ஒரு பெயரும் இல்லை. நமக்கு அதன் பெயர் தெரியும்.

டாசினிக்கு இது முதல் வழக்கல்ல. நியூயார்க் டைம்ஸ் போன்ற பெரிய பத்திரிகைகள், வெளி எழுத்தாளர்களின் கட்டுரைகளை அனுமதியில்லாமல் மின்னணுத் தகவல் தொகுப்புகளுக்கு விற்றதை எதிர்த்து அவரும் தோழர்களும் போட்ட வழக்கில், 2001 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எழுத்தாளர்களுக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னது. ஏழு நீதிபதிகள் ஒருபக்கம், இருவர் மறுபக்கம். எவ்வளவு பெரிய வெற்றி! ஆனால் பத்திரிகைகள் என்ன செய்தன? "சகல உரிமைகளையும் எழுதிக்கொடுத்தால்தான் கட்டுரையைப் போடுவோம்" என்று ஒப்பந்தத் தாளை நீட்டின. வாடகை பாக்கி வைத்திருக்கும் எழுத்தாளன் என்ன செய்வான்? கையெழுத்துப் போட்டான். உச்ச நீதிமன்றம் கொடுத்ததை ஒரு கையெழுத்து எடுத்துக்கொண்டது.

ஹஃபிங்டன் போஸ்டில் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள் வேறு வழியில் போனார்கள். 2016 ஜனவரியில் அவர்களது சங்கத்தை நிர்வாகம் அங்கீகரித்தது. இலவசமாக எழுதும் ஏற்பாட்டை 2018 ஜனவரியில் நிர்வாகமே அமெரிக்காவில் கைவிட்டது. 2021இல் தளம் பஸ்ஃபீட் கம்பெனியின் கைக்கு மாறிய சில வாரங்களில் 47 பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். சங்கம் இருந்தும் தடுக்க முடியவில்லை. ஆனால் அவர்களுக்காக எதிரில் உட்கார்ந்து கேட்க ஒரு சங்கமாவது இருந்தது. இலவசமாக எழுதியவர்களுக்கு அதுகூட இருக்கவில்லை.

தமிழில் இந்தக் கதை வேறு மாதிரி. 2003, 2004ஆம் ஆண்டுகளில் தமிழ் வலைப்பதிவுகள் முளைத்தபோது காசைப் பற்றிப் பேச்சே இல்லை. யூனிகோடில் தமிழ் எழுத்துக்களைத் திரையில் பார்த்த சந்தோஷமே போதுமாக இருந்தது. சினிமா, சமையல், ஈழத்திலிருந்து அகதியாகப் போனவர்களின் நினைவு, கணிதம், நாட்டு மருத்துவம் என்று எழுதித் தள்ளினார்கள். ஒருவர் எழுதினால் முப்பது பேர் சண்டைக்கு வந்தார்கள். கூகிளின் விளம்பரச் சேவை 2003இலேயே தொடங்கியபோதிலும், தமிழ்ப் பக்கங்களுக்கு அது அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது 2018 பிப்ரவரியில்தான். பதினைந்து வருஷம்! அதற்குள் அந்தச் சண்டைக்காரர்களில் பெரும்பாலோர் முகநூலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். கடை திறந்தபோது சந்தை கலைந்திருந்தது.

அம்மையார் பேசியது

சமையல் அம்மையாருக்கு ஏழு நிமிஷம்தான் கிடைத்தது. மற்ற மூவரும் சேர்ந்து பேசிய ஒன்றேகால் மணி நேரத்தைவிட அந்த ஏழு நிமிஷத்தில் விஷயம் இருந்தது.

ஒரு குழம்பை மூன்று தடவை வைத்துப் பார்த்துத்தான் குறிப்பு எழுதுவாராம். மளிகைச் செலவு, காஸ் செலவு அவருடையது. படம் எடுப்பது மகன். முன்பெல்லாம் தேடுயந்திரத்தில் குழம்பின் பெயரைப் போட்டால் ஜனங்கள் அவர் பக்கத்துக்கு வந்து படித்தார்கள். ஓரத்து விளம்பரத்தில் மாதம் ஏதோ கிடைத்தது. இப்போது தேடினால், செயற்கை அறிவு யந்திரம் தானே அளவுகளையும் செய்முறையையும் சுருக்கி மேலேயே காட்டிவிடுகிறது. இந்தியாவில் 2024ஆம் ஆண்டிலிருந்து இந்த ஏற்பாடு பரவலாகிவிட்டது. "அது சொல்ற அளவு யாரோ ஒருத்தி அடுப்படியில நின்னு கண்டுபிடிச்ச அளவுதானே? படிக்கிறவங்க மேலேயே படிச்சிட்டுப் போயிடறாங்க. எம் பக்கத்துக்கு ஆளே வர்றதில்லை" என்றார். மண்டபத்தில் பேச்சு மூச்சில்லை.

பெரிய பத்திரிகைகளுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. நியூயார்க் டைம்ஸ் 2023 டிசம்பரில் ஓப்பன் ஏ.ஐ. கம்பெனி மீது வழக்குப் போட்டது. ஜெர்மனியின் ஆக்ஸல் ஸ்பிரிங்கர் அதே மாதத்திலும், முர்டாக் குடும்பத்தின் நியூஸ் கார்ப் 2024 மே மாதத்திலும் அதே கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு விலை வாங்கிக்கொண்டன. யானைக்கும் யானைக்கும் பேரம். கோவை அம்மையாரின் குழம்புக்கு யார் ஒப்பந்தத் தாள் அனுப்பப் போகிறார்கள்?

"புதிய நுட்பத்தோடு ஒத்துப்போகக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று தேடுயந்திர இளைஞர் பதில் சொன்னார். அதைக் கற்பிக்க அவரிடமே ஒரு வகுப்பு இருக்கிறதாம். கட்டணம் தனி.

மீட்டர் கூலி

அப்போதுதான் நம் பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்தார். சோமனூர்ப் பக்கத்தில் எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெசவு செய்கிறவர். தறியில் நாடா ஏன் சிக்குகிறது, பாவு ஏன் அறுகிறது, எந்தச் சாமான் தேய்ந்தால் என்ன சத்தம் வரும் என்பதையெல்லாம் இரவில் செல்பேசியில் தட்டித் தட்டி வலைப்பதிவாக எழுதிவருகிறார். இரண்டு வருஷத்தில் அவர் கணக்கில் 41 டாலர் சேர்ந்திருக்கிறது. 100 டாலர் ஆனால்தான் விளம்பரக் கம்பெனி பணம் அனுப்புமாம். ஆக, இன்று வரை கைக்கு வந்தது ஒன்றுமில்லை.

"ஏனுங்க, எனக்கொரு சந்தேகமுங்க" என்றார். "எங்களுக்கு மீட்டருக்கு இவ்வளவுன்னு ஒரு கூலி பேசி வெச்சிருக்குதுங்க. குடுக்கறாங்களோ இல்லையோ, கேக்கறதுக்கு ஒரு கணக்கு இருக்குது. இந்த எழுத்துக்கு மீட்டர் கூலி என்னங்க? அதை யாரு கூட உக்காந்து பேசறதுங்க?"

விளம்பரக் கனவான் சிரித்தார். "சார், இது நெசவு இல்லை, கிரியேட்டிவ் வேலை. இதற்கெல்லாம் மீட்டர் கணக்குப் பார்க்க முடியாது."

முடியாதா? அவர் ஏஜென்சியிடம் மட்டும் கணக்கு இருக்கிறதே! எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தட்டினார்கள், எத்தனை விநாடி நின்றார்கள் என்று அணுஅணுவாக அளக்கிறார்கள். வாங்குகிறவனுக்கு அளவு உண்டு; நெய்கிறவனுக்கு அளவு இல்லை என்றால் என்ன நியாயம்?

கோவை, திருப்பூர் மாவட்டத்தாருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூலிக்கு நெய்கிற விசைத்தறிக்காரருக்குத் தறி சொந்தம், கொட்டகை சொந்தம், மின்சாரக் கட்டணம் சொந்தம், கடனும் சொந்தம். நூல் ஜவுளி உற்பத்தியாளருடையது, நெய்த துணியும் அவருடையது, சந்தையும் அவருடையது. 'தறி முதலாளி' என்பது பெயர். கூலி என்பது வாழ்க்கை. அந்தக் கூலியை உயர்த்தவும், பேசிய உயர்வை அமலாக்கவும் எத்தனை தடவை தறியை நிறுத்தியிருக்கிறார்கள்! 2022 ஜனவரியில் இரண்டு மாவட்டங்களிலும் தறிகளை நிறுத்திப் போராடியதும் பேசிய கூலிக்காகத்தான். "நீங்கள் எல்லோரும் முதலாளிகள்" என்ற வசனத்துக்கு அந்தப் பெரியவர் ஏன் கைதட்டவில்லை என்பது இப்போது வாசகர்களுக்குப் புரிந்திருக்கும். அந்தப் பட்டத்தை அவர் முப்பது வருஷமாகச் சுமக்கிறார்.

எழுதுகிறவர்கள் சிதறிக் கிடக்கிறார்கள், அவர்களுக்கு ஆலை வாசல் இல்லை, எப்படிச் சேருவது என்ற ஆட்சேபம் உண்மையானது. ஆனால் ஜெர்மனியில் ஒன்று நடந்தது. கவண்வில் செய்து காட்டி யூடியூபில் பேர் வாங்கிய யோர்க் ஸ்பிராவே என்பவர், திடீரென்று வருமானம் குறைக்கப்பட்டதைக் கண்டு 2018இல் யூடியூபர்களுக்கு ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். 2019 ஜூலையில் அந்த நாட்டின் மிகப் பெரிய சங்கமான ஐ.ஜி. மெட்டால், அதாவது உலோகத் தொழிலாளர் சங்கம், அவர்களோடு கைகோத்தது. கார் ஆலைத் தொழிலாளியும் கவண் வித்தைக்காரரும் ஒரே மேஜையில்! எந்த விதிப்படி ஒரு படத்துக்கு விளம்பரம் மறுக்கப்படுகிறது என்பதைச் சொல்லு, முறையிட ஒரு மனிதரைக் காட்டு என்று கேட்டார்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் கேள்வி தனி ஆளின் புலம்பலாக இருப்பது நின்றது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, நமக்கும் ஒரு கேள்வி காத்திருந்தது. நாம் எந்தப் பத்திரிகையிலிருந்து வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்ட ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்: "உங்கள் பேப்பரில் எழுதுகிறவர்களுக்கு என்ன தருகிறீர்கள்?"

பளீரென்றிருந்தது. பலருக்கு ஒன்றும் தருவதில்லை என்பதே பதில். இங்கே லாபத்தைப் பையில் போட்டுக்கொள்ளும் முதலாளி இல்லை, நாளை யாரும் இதைக் கோடி ரூபாய்க்கு விற்கப் போவதில்லை என்று சொன்னோம். உண்மைதான். அவள் தலையாட்டினாள், ஆனால் திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை. பஸ் செலவும் தன் கையிலிருந்து போட்டு ஒரு கிராமத்துக்குப் போய்ச் செய்தி எழுதி அனுப்புகிற தோழனுக்கு, கொள்கை மட்டும் சாப்பாடு போடாது. இதை நாம் நம் கமிட்டியிலும் பேச வேண்டும், பேசுவோம்.

எதிரே டீக்கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். சமையல் அம்மையாரும் சோமனூர்ப் பெரியவரும் அதில் இருந்தார்கள். யார் முதலில் சொன்னது என்று தெரியாது. ஏஜென்சிகள் காசு கொடுத்து எழுதச் சொல்லும் விளம்பரக் கட்டுரைக்கு யார் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார்கள். முதலில் சங்கடப்பட்டார்கள். சம்பளத்தை வெளியே சொல்வது நம்மவர்களுக்கு எப்போதுமே கூச்சம். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஏழு பேர் எழுதி முடித்தபோது, ஒரே ஏஜென்சி ஒரே நீளக் கட்டுரைக்கு ஒருவருக்கு 400 ரூபாயும், இன்னொருவருக்கு 900 ரூபாயும், ஓர் ஆண் எழுத்தாளருக்கு 2,000 ரூபாயும் கொடுத்திருப்பது தெரிந்தது. அம்மையாருடையது அந்த 400.

அவர் தாளை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காந்திபுரத்தில் பெரியவருக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூட அறையில், மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. கட்டணம் கிடையாது.